சிங்கமுகச் சாமிக்கு விண்ணப்பப் படிவம்

வேலை நேரத்திலும் உட்காரலாம் என்பதை மகேசன் தன் ஐம்பத்திரண்டாவது வயதில்தான் கண்டுபிடித்தார். அதுவரை நின்றே பிழைத்த மனிதர். நோர்வேயின் வடகோடியில் பாட்ஸ்பியோர்டு மீன் தொழிற்சாலையில் ஒரு கையில் கத்தியும் மறு கையில் கொட் மீனுமாக ஆறு வருடம் நின்றார். வலது தோள்மூட்டின் நல்ல காலத்தை அங்கேயே கொடுத்துவிட்டு ஒஸ்லோவுக்கு வந்து, பள்ளிக்கூடத் தாழ்வாரங்களைத் துடைத்தபடி இன்னும் பன்னிரண்டு வருடம் நின்றார். 2005ஆம் ஆண்டு நகர நடுவில் இருக்கும் ஒரு சிறிய நூதனசாலையில் காவலாளாகச் சேர்ந்தபோது சாம்பல் நிறக் கோட்டு ஒன்றும், கழுத்தில் தொங்க அட்டை ஒன்றும், ஒரு நாற்காலியும் கொடுத்தார்கள்.

“இதிலை இருக்கலாமோ?” என்று தனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் கேட்டார். அது வடக்குக் கடற்கரை மீனவரின் மொழி. ஒஸ்லோக்காரருக்கு அதைக் கேட்டாலே முகத்தில் சிரிப்பு வந்துவிடும். அதற்குத்தான் போட்டிருக்கிறோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவி தங்கேஸ்வரியிடம், “சம்பளமும் தந்து கதிரையும் தாறாங்கள். என்னவோ பிழை நடக்குது” என்றார்.

பிழை ஒன்று இருக்கத்தான் செய்தது. அந்தக் கதிரை அவருடையதல்ல. சுகமில்லாமல் லீவில் போன ஒருவருக்குப் பதிலாக வந்த ‘விக்கார்’ அவர், அதாவது தற்காலிக ஆள். லீவில் போனவர் 2006இல் ஓய்வும் பெற்றுவிட்டார். அடுத்த வசந்தத்தில் அந்த இடத்துக்கு ஒருவரை நிரந்தரமாக எடுப்போம் என்று மேலாளர் மாரித் சொல்லியிருந்தார். அன்று தொட்டு மகேசனின் நெஞ்சில் வேறு ஆசையே இல்லை. பெரிய வீடு, புதுக் கார், ஊரில் காணி எல்லாம் மற்றவர்கள் வேண்டட்டும். அவருக்கு முதுகுச் சாய்வுள்ள அந்தக் கதிரை வேண்டும்.

காவலாளுக்கு விதிகள் மூன்று. பொருளைத் தொடக்கூடாது, தொடவும் விடக்கூடாது, விளக்கம் சொல்லக்கூடாது. விளக்கம் சொல்வது படித்தவர்களின் வேலை. முதலிரண்டையும் மகேசன் சுவாமி அறை போலக் காத்தார். மூன்றாவதில்தான் சிக்கல். அவருடைய வாய் அப்படி.

அந்த வாயின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. 1987ஆம் ஆண்டு ஆனி மாதம் பாட்ஸ்பியோர்டுக்கு அருட்செல்வம் என்று ஒருவர் புதிதாக வந்து சேர்ந்தார். ஊரில் தபாற்கந்தோரில் இருந்தவர். பகிடி, கிண்டல் என்பது இன்னொரு ஊர்க்காரரின் பழக்கம் என்று நினைப்பவர். அங்கே அந்த மாதத்தில் சூரியன் மறைவதில்லை. மூன்று நாள் நித்திரையில்லாமல் சிவந்த கண்ணோடு, “அண்ணை, இந்த வெளிச்சத்திலை எப்பிடிப் படுக்கிறியள்?” என்று மகேசனைக் கேட்டார்.

மகேசன் மீனைத் திருப்பிப் போட்டபடி, “கொம்யூனிலை விண்ணப்பிக்கயில்லையே? ஆளுக்கு ரெண்டு கறுப்பு யன்னல் சீலை குடுக்கிறாங்கள். அகதிக்கு மூண்டு” என்றார்.

அருட்செல்வம் இரண்டு படம் எடுத்து, கடவுச்சீட்டின் பிரதி வைத்து, யன்னலின் நீள அகலம் குறித்து, நகரசபை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கிருந்த பெண் ஒன்றும் விளங்காமல், ஆனால் மரியாதையாக வாங்கி, திகதி முத்திரை குத்தி, பதில் வரும் என்றாள். பதில் வரவில்லை. ‘சீலை அருள்’ என்ற பெயர்தான் வந்தது. இருபது வருடத்தில் அருட்செல்வம் ஒஸ்லோவுக்கு வந்து, தமிழ்ச் சங்கத் தலைவராகி, மேடையில் பொன்னாடை வாங்கியபோதும், பின் வரிசையில் யாராவது ஒருவர் “சீலை வந்திட்டுது” என்று மெல்லச் சொல்லாமல் விடுவதில்லை. மகேசனோடு அவர் கதைப்பதில்லை. கலியாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் இருத்தினாலும் சாம்பாரை வேறு ஆளிடம்தான் கேட்பார்.

2006 ஐப்பசியில் மகேசனின் அறைக்கு ஒரு புதிய கண்காட்சி வந்தது. ஆபிரிக்காவின் பழைய இராச்சியங்களும் மத்தியதரைக் கடல் நாடுகளும் ஒன்றிடம் ஒன்று என்ன வாங்கின, என்ன கொடுத்தன என்பது பொருள். இன்றைய சூடானில், நைல் கரையில் இருந்த மெரோவே இராச்சியம்தான் நடு மேசை. முட்டைக் கோது போல மெல்லிய மட்பாண்டங்கள். அவற்றில் கிரேக்கருடைய திராட்சைக் கொடி ஓடும், கொடிக்குப் பக்கத்தில் உள்ளூர்த் தவளை குந்தியிருக்கும், ஒட்டகச்சிவிங்கி எட்டிப் பார்க்கும். நக்கா என்ற இடத்தில் உள்ள ஒரு சிறிய கட்டடத்தின் படம். வாசல் எகிப்தியம், யன்னல் வளைவு உரோமானியம், மொத்தத்தில் இரண்டுமில்லாத மெரோவே.

மாரித் நாளுக்கு இரண்டு தரம் ஆட்களைக் கூட்டிவந்து விளக்குவார். “இவர்கள் பார்த்து மயங்கி வாங்கியவர்கள் அல்ல. தேவையானதை எடுத்தார்கள், தேவையில்லாததை விட்டார்கள், எடுத்ததைத் தங்கள் விருப்பப்படி மாற்றினார்கள்” என்பது அவருடைய தொடக்க வசனம். கிறிஸ்மசுக்குள் அதை நூற்றுச் சொச்சம் தரம் கேட்ட மகேசன், மாரித் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்பது வரை மனப்பாடம் செய்துவிட்டார். பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடம் கண் விழித்துப் படிக்கும் பாடம், அவருக்குக் கதிரையில் இருக்க இருக்க வந்து காதில் விழுந்தது.

அவருக்கு மிகவும் பிடித்தது உரோமச் சக்கரவர்த்தியின் தலை. வெண்கலத் தலை இலண்டனில். இங்கே வந்திருந்தது சாந்துப் பிரதி. மெரோவேக்காரர் உரோமரோடு சண்டை பிடித்த காலத்தில் சக்கரவர்த்தியின் சிலையொன்றிலிருந்து தலையைக் கொண்டுவந்து, தங்கள் கோயில் வாசற்படிக்குக் கீழே புதைத்துவிட்டார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் அவர் தலையில் மிதித்துத்தான் உள்ளே போனார்கள். சக்கரவர்த்திக்குச் செய்தியே போயிராது. “இதல்லோ பகிடி” என்று மகேசன் தனக்குள் சொல்லிக்கொள்வார்.

அறையின் முடிவில், சுவர் உயரத்துக்கு ஒரு சாந்து வார்ப்பு. நக்காவில் உள்ள சிங்கக் கோயிலின் பின்சுவர். அதில் நடுநாயகமாக அபெடெமாக் என்ற தெய்வம். சிங்க முகம் மூன்று, கை நான்கு. ஒரு பக்கம் அரசன், மறுபக்கம் நீண்ட நகமும் பருத்த உடம்புமாக அரசி. இந்த இடத்தில் மாரித்தின் வசனம் இரண்டு பாதியாக வரும். முதற்பாதி: “இத்தனை கைகளைப் பார்த்து, இந்தியாவிலிருந்து வந்த எண்ணமோ என்று ஒருகாலத்தில் சிலர் யோசித்தார்கள்.” அங்கே ஒரு மூச்சு. இரண்டாம் பாதி: “அதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை.”

கார்த்திகை மாதத்து மழை நாள் ஒன்றில் சிவநாயகி உள்ளே வந்தாள். ஒஸ்லோவின் ஓரத்தில், மோர்டென்ஸ்ருட்டில், மகேசன் வீட்டுக்கு மேல்மாடிக்காரி. கலைக்காக வரவில்லை, நனையாமல் நிற்க வந்தாள். கையில் காய்கறிப் பை, முகத்தில் துக்கம். கார் ஓட்டப் பரீட்சையில் அன்று காலைதான் நாலாவது முறையாகத் தவறியிருந்தாள். சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தவள் வார்ப்புக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

“மகேசன் அண்ணை, இவர் நரசிம்மர் அல்லோ?”

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். விதியும் அதைத்தான் சொல்லியது. மகேசன் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். மாரித் இல்லை.

“பிள்ளை, அப்பிடிச் சொல்லேலாது. ஆனா இந்தக் கையெல்லாம் இந்தியாவிலையிருந்து வந்ததோ எண்டு பெரிய பெரிய படிப்பாளியள் யோசிச்சிருக்கினம்” என்றார். மூச்சு வாங்கினார். இரண்டாம் பாதியைச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, “நாலு கை எண்டா சும்மாவே? ஒண்டு ஸ்டியரிங்குக்கு, ஒண்டு கியருக்கு, மிச்சம் ரெண்டும் அபயம்” என்றார்.

சிவநாயகி காய்கறிப் பையைக் கீழே வைத்துக் கண்ணை மூடினாள். போகும்போது பைக்குள்ளிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து, வார்ப்பின் அடியில் வைத்துவிட்டுப் போனாள். மகேசன் அன்று முழுவதும் தனக்குள்ளேயே சிரித்துச் சிரித்துத் தோள் நோக இருந்தார். தேசிக்காயை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தேநீரில் பிழிந்து குடித்தார்.

இரண்டு கிழமை கழித்து, உறைபனியில், சிவநாயகி பரீட்சையில் சித்தியடைந்தாள்.

அதன் பிறகு தொலைபேசி செய்த வேலையை எந்த விளம்பரக் கம்பனியாலும் செய்ய முடியாது. மோர்டென்ஸ்ருட்டில் தொடங்கிய கதை நகருக்கு வெளியே ஸ்ட்ரோம்மனுக்குப் போய்ச் சேர்ந்தபோது, மகேசன் சொல்லாததெல்லாம் அதில் இருந்தது. சாமி ஆபிரிக்காவில் ஆயிரக்கணக்கான வருடம் இருந்தவராம், குளிருக்குப் பழகாமல் இருப்பதால் கேட்டதைக் கெதியாகக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாராம். அனுமதி இலவசமான ஞாயிற்றுக்கிழமைகளில் குளிர் அங்கிக்குக் கீழே பட்டுச் சேலை தெரிய சனம் வந்தது. லைசன்சுக்கு வந்தவர்கள், நிரந்தர விசாவுக்கு வந்தவர்கள், மகனுக்கு வந்த நோர்வேஜியக் காதல் போகவேண்டும் என்று வந்தவர்கள். மாரித்துக்கு ஒரே மகிழ்ச்சி. “குடியேறிய மக்கள் பழைய ஆபிரிக்காவில் காட்டும் ஆர்வம் வியப்பாக இருக்கிறது” என்று மேலிடத்துக்கு எழுதினார்.

மகேசன் தேசிக்காய்களைக் குடைப்பெட்டிக்குள் ஒளித்தார். மல்லிகைச் சரத்தைக் கோட்டுப் பைக்குள் வைத்தார். வாழைப்பழத்தை நின்ற நிலையிலேயே சாப்பிட்டார். கற்பூரம் கொளுத்தப்போன ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே விட்டார். எல்லாம் சமாளித்தார், குங்குமத்தைத் தவிர. சாந்து வார்ப்பு நிறத்தைக் குடிக்கிற பண்டம். கூட்டத்துக்குள் அவர் கண் தப்பித் தெய்வத்தின் கால் விரலில் வைத்த குங்குமம் உள்ளே இறங்கி, தை மாதத்தில் கணுக்கால் வரை சிவந்துவிட்டது. துடைக்கலாமென்றால் முதலாவது விதி கையைப் பிடித்தது.

ஒரு திங்கட்கிழமை மாரித் அதைக் கண்டார். குனிந்து பார்த்தார், பூதக்கண்ணாடி கொண்டுவந்து பார்த்தார், முகம் வெளிறிப்போய் நிமிர்ந்தார்.

“சாந்துக்குள் ஏதோ வளர்கிறது. பூஞ்சணமாக இருக்கலாம். மூன்று கிழமையில் நிபுணர் வருவார். அதுவரை கூடினால் அறையை மூடி, எல்லாவற்றையும் திருப்பி அனுப்பவேண்டி வரும்” என்றார். பிறகு தயங்கி, “அறை இல்லையென்றால் அறைக்குக் காவலும் வேண்டியிராது, மகேசன். அதுதான் எனக்குக் கவலை” என்றார்.

அது பூஞ்சணம் அல்ல, சிவநாயகி கூட்டம் என்று சொன்னால் கதிரை போகும். சொல்லாவிட்டாலும் போகும். மிஞ்சிய வழி, சனத்தை நிறுத்துவது.

அடுத்த ஞாயிறு கூட்டம் சேர்ந்ததும் கதிரையை விட்டு எழும்பி நின்று, “இஞ்சை ஒருக்காக் கேளுங்கோ. இவர் எங்கடை சாமி இல்லை. எங்கடை ஆக்களுக்கும் இவருக்கும் ஒரு தொடர்புமில்லை. நான் பகிடிக்குச் சொன்னனான்” என்றார். தன் வாழ்நாளில் இவ்வளவு முழுமையான உண்மையை அவர் ஒரே மூச்சில் சொன்னதில்லை.

எல்லாரும் சிரித்தார்கள். சிவநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உங்கடை பகிடிக்கு ஒரு அளவில்லையே அண்ணை? சாமிக்கு முன்னாலையுமோ?” என்றாள். பின்னால் நின்ற ஒரு வயதான பெண் மகேசனுக்காகத் தன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவருடைய அபசாரத்துக்குப் பிராயச்சித்தமாக அன்று குங்குமம் இரட்டிப்பாக விழுந்தது.

வீட்டில் தங்கேஸ்வரி சோற்றைப் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முதியோர் இல்லத்தில் இரண்டு வேளை வேலை செய்துவிட்டு வந்த களைப்பில் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“என்னப்பா, இருவது வருசம் பொய்யை நம்பவைச்சியள். இப்ப மெய்யை ஆர் நம்புறது?” என்றாள். “பகிடியே விடத் தெரியாத ஒரு மனிசன் சொன்னா நம்புவினம்.”

அப்படிப்பட்ட மனிதர் ஒஸ்லோவில் ஒருவர்தான் இருந்தார்.

ஸ்ட்ரோம்மனில் அருட்செல்வத்தின் வீட்டு மணியை மகேசன் அடித்தார். கதவைத் திறந்த அருட்செல்வம் அவரைப் பார்த்து, பிறகு அவருக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். உள்ளே விட்டது அவருடைய மனைவி யோகாம்பாள்தான். வரவேற்பறையில் சுவரளவு யன்னல், அதில் ஒரு முழத் துணி கூட இல்லை. தெரு முழுவதும் வீட்டுக்குள் இருப்பது போல இருந்தது.

யோகாம்பாள் தேத்தண்ணியை வைத்துவிட்டு, “பாத்தியளே அண்ணை, இருவது வருசமா இந்த மனிசன் வீட்டிலை யன்னல் சீலை போட விடேல்லை. முன்வீட்டு நோர்வேக்காரன் நாங்கள் எத்தினை இடியப்பம் தின்னுறம் எண்டு எண்ணுறான்” என்றாள். அருட்செல்வம் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் உள்ளே போனாள்.

மகேசன் எல்லாவற்றையும் சொன்னார். தேசிக்காய், குங்குமம், பூஞ்சணம், கதிரை. கடைசியில், “அருள், உங்களுக்குச் செய்தது பிழை. பாட்ஸ்பியோர்டிலை எழுவத்தைஞ்சு பேருக்கு முன்னாலை சிரிச்சனாங்கள். மெரோவேக்காரர் ஒரு ராசாவின்ரை தலையை வாசல்படிக்குக் கீழை தாட்டவங்கள். என்ரை தலையை இந்த வாசலிலை தாட்டாலும் நான் ஒண்டும் சொல்லன்” என்றார்.

“இது அடுக்குமாடி. வாசல்படி பொது” என்றார் அருட்செல்வம்.

அவர் பகிடியாகச் சொல்லவில்லை. நிலைமையை எடுத்துச் சொன்னார். பிறகு எழும்பிப் போய் வெறும் யன்னலுக்கு முன்னால் நின்றார்.

“ஞாயிற்றுக்கிழமை வாறன். குங்குமம் நிக்கும். அதுக்கு நான் பொறுப்பு. மிச்சத்துக்கு நீங்கள் பொறுப்பு” என்றார்.

மிச்சம் என்றால் என்ன என்று கேட்க மகேசனுக்குத் துணிவு வரவில்லை.

அந்த ஞாயிறு அருட்செல்வம் கோட்டும் கழுத்துப் பட்டியுமாக, கக்கத்தில் ஒரு தடித்த கடித உறையோடு வந்தார். வார்ப்புக்கு முன்னால் போய் நின்று, பக்கத்திலிருந்த விளக்க அட்டையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். சனம் சங்கத் தலைவருக்கு வழி விட்டு அமைதியாக நின்றது. மகேசன் கதிரையின் நுனியில் இருந்தார்.

“இவர் ஆர் எண்டு நான் விசாரிச்சனான்,” என்று அருட்செல்வம் தொடங்கினார். “இவர் மெரோவே ராச்சியத்துச் சாமி. அந்த ராச்சியத்துக்குச் சொந்தமா எழுத்து இருந்தது. எகிப்திலை பிலே எண்டொரு தீவுக் கோயில். அங்கை இவையின்ரை ஆக்களும் கிரேக்க ஆக்களும் போய், தங்கடை தங்கடை எழுத்திலை சுவரிலை வேண்டுதலை எழுதிவைச்சிட்டு வந்தவை. குங்குமம் வைச்சதா ஒரு இடத்திலையும் பதிவில்லை. தேசிக்காய், பூ, ஒண்டுமில்லை. உதுகளை வைச்சா இவருக்கு விளங்காது. எழுத்திலைதான் குடுக்க வேணும். அதோடை, நோர்வேக்கு வந்த பிறகு இஞ்சத்தை நடைமுறை ஒண்டிருக்குது.”

கடித உறையைத் திறந்தார். “விண்ணப்பப் படிவம் அடிச்சுக் கொண்டு வந்திருக்கிறன். பெயர், விலாசம், வேண்டுதல் ஒண்டு மட்டும், ஒப்பம். நிரப்பி மகேசன் அண்ணையிட்டைக் குடுங்கோ. அவர்தான் இதுக்குப் பொறுப்பதிகாரி. ஒருத்தரும் கையாலை தொடாதேங்கோ. தொட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.”

ஆளுக்காள் தலையை ஆட்டினார்கள். மகேசன் வாயைத் திறந்தபடி இருந்தார். சாமி இல்லை என்று சொன்னால் சிரித்த அதே சனம், விண்ணப்பம் என்றதும் கேள்வியில்லாமல் நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்? விசாவுக்கு விண்ணப்பம், வீட்டுக்கு விண்ணப்பம், தாயைக் கூப்பிட விண்ணப்பம், பெயரில் ஓரெழுத்தைத் திருத்த விண்ணப்பம் என்று இருபது வருடம் வாழ்ந்த சனம். இந்த நாட்டில் எந்தப் பெரிய கையும் காகிதத்துக்குத்தான் இறங்கும் என்பது அவர்கள் அனுபவித்துக் கண்டது. சிவநாயகி பேனைக்குக் கைப்பைக்குள் துழாவினாள். ஒருவர், “கறுப்பு மையோ நீலமோ?” என்று கேட்டார்.

“பெரிய எழுத்திலை,” என்றார் அருட்செல்வம்.

வெளியே போகும் வழியில் கதிரைக்குப் பக்கத்தில் ஒரு கணம் நின்றார். முகம் வழமைபோலக் கல்லாகத்தான் இருந்தது. “பதில் எப்ப வரும் எண்டு கேப்பினம். கேட்டா, வரும் எண்டு சொல்லுங்கோ” என்றார்.

மகேசனுக்கு அப்போதுதான் விளங்கியது. இருபது வருடம் ஊறவைத்த பகிடி, வாழ்நாளில் ஒரேயொரு பகிடி, தன் தலையில் இறங்கியிருக்கிறது.

குங்குமம் நின்றது. மூன்றாம் கிழமை வந்த நிபுணர் காலைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, ஏதோ சாயம், வளரவில்லை, கழுவிவிடலாம் என்று சொல்லி ஒரு மணி நேரத்தில் கழுவியும் விட்டார். மாரித்துக்கு நிம்மதி. மகேசனுக்குத்தான் நிம்மதி இல்லை. படிவங்கள் குவிந்தன. வெளியூர்க்காரர் தபாலில் அனுப்பினார்கள், நூதனசாலை, பொறுப்பதிகாரி மகேசன் என்று விலாசமிட்டு. ரயிலில் ஆட்கள் தோளில் தட்டி, “என்ரை அலுவல் என்ன நிலைமையிலை இருக்குது அண்ணை?” என்று கேட்டார்கள். “பரிசீலனையிலை” என்று சொல்லிவிட்டு அடுத்த தரிப்பிடத்தில் இறங்கினார். குடைப்பெட்டி நிறைந்து, கோட்டு மாட்டும் அலுமாரி நிறைந்து, மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை மாரித் அலுமாரியைத் திறக்க, இருநூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்கள் அவர் காலடியில் கொட்டின.

தமிழ் வாசிக்கத் தெரியாத மாரித் ஒன்றை எடுத்துப் பார்த்தார். பெயர், விலாசம், கீழே நாலு வரி, ஒப்பம். கண் கலங்கிவிட்டது.

“மகேசன், நீங்களாகவே பார்வையாளர் கருத்துக் கணிப்பு நடத்தியிருக்கிறீர்களா? யாரும் கேட்காமலா?” என்றார். “திங்கட்கிழமை நிரந்தர வேலைகளைப் பற்றி மேலிடத்தோடு கூட்டம் இருக்கிறது. ஒரு இருபதையாவது மொழிபெயர்த்துத் தாருங்கள். இதை மேசையில் வைத்தால் வேறு பேச்சே தேவையில்லை.”

சனிக்கிழமை தங்கேஸ்வரி வேலைக்குப் போன பின் மகேசன் சமையலறை மேசையில் படிவங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். சுலபமான வேலை. ஒருவரும் தமிழ் வாசிக்கப் போவதில்லை. ‘பிரேக் பிடிக்கேக்கை பயம் வரக்கூடாது’ என்றிருந்த இடத்தில் ‘கண்காட்சி மிக நன்று’ என்று எழுதினார். ‘மருமகள் என்னோடை கதைக்க வேணும்’ என்றிருந்த இடத்தில் ‘மட்பாண்டங்கள் அழகு’ என்று எழுதினார். அடுத்ததில், ‘அம்மா முல்லைத்தீவிலை நிக்கிறா. சண்டையாலை மூடின பாதை திறக்க வேணும்’ என்றிருந்தது. அதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் அதைத் தள்ளி வைத்தார். அடுத்ததை எடுத்தார். கையெழுத்து நன்றாகத் தெரிந்த கையெழுத்து.

‘பெயர்: தங்கேஸ்வரி மகேசன். வேண்டுதல்: என்ரை மனுசனுக்கு இந்தக் கதிரை நிரந்தரமாகக் கிடைக்க வேணும். இவ்வளவு காலம் நிண்டது காணும். இடம் இருந்தால், வாயையும் கொஞ்சம் குறைக்கவும்.’

ஒன்று மட்டும் என்ற விதியை மீறி இரண்டு கேட்டிருந்தாள். மகேசன் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு ‘கண்காட்சி மிக நன்று’ எல்லாவற்றையும் கிழித்துப்போட்டுவிட்டு, முதலிலிருந்து, இருப்பதை இருந்தபடி மொழிபெயர்க்கத் தொடங்கினார். முல்லைத்தீவு உட்பட. தங்கேஸ்வரியின் இரண்டாவது வேண்டுதல் உட்பட.

திங்கட்கிழமை காலை, கூட்டத்துக்கு முன், மாரித் அவற்றை வாசித்து முடிக்கும் வரை மகேசன் நின்றார். கதிரை இருந்தும் நின்றார். வாசித்து முடிந்ததும் முதல் தேசிக்காயிலிருந்து கடைசிக் குங்குமம் வரை சொன்னார்.

மாரித் தாள்களை அடுக்கி ஒரு பக்கமாக வைத்தார்.

“நான் ‘சான்று இல்லை’ என்று சொன்னதையும் கேட்டீர்களா?” என்றார்.

“நூற்றுக்கு மேலை கேட்டிருக்கிறன்.”

“அதை விட்டுவிட்டீர்கள்.”

“தேவையானதை எடுத்தனான், தேவையில்லாததை விட்டனான்” என்றார் மகேசன். வாய் அப்படி. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார்.

மாரித் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் குங்குமத்துக்காக இரண்டு நிமிடம் கண்டிப்பாக ஏசினார். ஏசி முடித்ததும், பிலே கோயில் சுவரில் அந்தக் காலத்து யாத்திரிகர் கீறிய எழுத்துகளின் படத்தை எடுத்து மேசையில் வைத்து, அதன் பக்கத்தில் சிவநாயகியின் படிவத்தை வைத்துப் பார்த்தார். இரண்டையும் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனார்.

பங்குனியில் கடிதம் வந்தது. வேலை நிரந்தரம். அதோடு, கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்லவும் அனுமதி. அடியில் மாரித் பேனையால் எழுதியிருந்தார்: ‘இரண்டு பாதியையும்.’ எழுதியவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டு, சம்மதித்தவர்களின் முப்பது படிவங்கள் கண்காட்சியின் கடைசி மாதம் பிலேப் படத்தின் பக்கத்தில் தொங்கின. இந்தச் சாமி நமக்கு உறவில்லை என்பதை மகேசன் இப்போது விதிப்படி சொன்னார். “அது பரவாயில்லை, விண்ணப்பம் போட்டாச்சு” என்றாள் சிவநாயகி.

கண்காட்சியைக் கழற்றிய நாளில்தான் அலுமாரியின் அடியில் ஒட்டிக்கிடந்த ஒரு படிவம் அகப்பட்டது. பெரிய எழுத்தில், கறுப்பு மையில்.

‘பெயர்: சி. அருட்செல்வம். வேண்டுதல்: 1987 ஆனி மாதம் பாட்ஸ்பியோர்டில் விண்ணப்பித்த யன்னல் சீலை இன்னும் வந்து சேரவில்லை. ஆவன செய்யவும்.’ யன்னலின் நீள அகலமும் இருந்தது.

மகேசன் அந்தச் சனிக்கிழமையே ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போய், மூன்று கறுப்புச் சீலை வாங்கினார். அகதிக்கு மூன்று. அவற்றை ஒரு பெட்டியில் வைத்து, மேலே ஒரு கடிதமும் வைத்து, அருட்செல்வத்தின் மணியை அடித்தார். அருட்செல்வம் நின்றபடியே கடிதத்தை வாசித்தார்: தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது. இருபது வருடத் தாமதத்துக்கு வருந்துகிறோம்.

யோகாம்பாள் ஓடிவந்து பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனாள். சற்று நேரத்தில் சுவரளவு யன்னலில் சீலை தொங்கியது. முன்வீட்டு நோர்வேக்காரர் மறைந்துபோனார். அருட்செல்வம் அளவுநாடா எடுத்துவந்து, ஏறி, குனிந்து, அளந்தார்.

“நாலு விரற்கடை குறையுது” என்றார். “படிவத்திலை குறிச்ச அளவு இதில்லை.”

மகேசன் ஒன்றும் சொல்லவில்லை. தங்கேஸ்வரியின் வேண்டுதலில் இரண்டாவது பாதியும் பலித்துவிட்டதோ என்று ஒரு கணம் தோன்றியது.

அருட்செல்வம் நாடாவைச் சுருட்டினார். கல் முகத்தில், உதட்டின் ஒரு ஓரம் மட்டும் மெல்ல அசைந்தது.

“மேன்முறையீடு செய்யலாமோ?”

“ஓம்,” என்றார் மகேசன். “மூண்டு கிழமைக்குள்ளை. எழுத்திலை.”

“அப்ப இருங்கோ,” என்று சொல்லி அருட்செல்வம் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.